ஒரே கூரை, பத்துக் காம்பிரா: எலிக்கு எந்த வழி?

தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் வீடுகளைத்தான் லயம் என்கிறோம், அதில் ஒரு குடும்பத்தின் அறை காம்பிரா. எங்கள் லயத்தில் பத்துக் காம்பிரா. வீட்டுக்கு வீடு சுவர் இருக்கிறது, ஆனால் அந்தச் சுவர் கூரை வரை ஏறவில்லை. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இருட்டு பத்துக் குடும்பத்துக்கும் பொது. அடுப்பு அணைந்து, பிள்ளைகள் படுத்து, பக்கத்து வீட்டு டீவியும் ஓய்ந்த பிறகு முதல் காம்பிராவின் மேலே சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும். அது மெல்ல நகர்ந்து எங்கள் தலைக்கு மேல் வந்து ஒரு நிமிடம் நிற்கும். அப்புறம் கடைசிக் காம்பிரா வரை போகும். ஒரே எலிதான், பத்து வீட்டிலும் சாப்பிடுகிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு ஹார்ட்வெயார் கடையில் போய் "எலிக்கு என்ன இருக்கு?" என்று கேட்டால் மருந்து, பொறி, கூண்டு, ஒட்டு அட்டை என்று வரிசையாக எடுத்து வைப்பார்கள். எல்லாமே தனி வீட்டுக்காரர் ஒருவர் தனியாக வாங்கித் தனியாக வைப்பதற்கானவை. நம்மில் பெரும்பாலானோர் அப்படி இருக்கவில்லை. ஒரு கூரையின் கீழ் பல குடும்பம், அடுத்த வீட்டுப் பிள்ளை நம் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) விளையாடும், நம் நாய் அவர்கள் வாசலில் படுக்கும். எந்த வழி நல்லது என்ற கேள்விக்கு இந்த உண்மையை வைத்துத்தான் பதில் தேட வேண்டும். கடையில் கிடைக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொரு காலத்தில் நாங்கள் பாவித்துப் பார்த்திருக்கிறோம். எது எங்கே உதவியது, எது கெடுத்தது என்று எழுதுகிறேன்.

எலியை ஒரு தொல்லை என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு அது வேறு மாதிரித் தெரிய வைத்தது எங்கள் ஆச்சியின் தகரப் பெட்டி. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தோடு குடியுரிமை இல்லாமல் போனவர்களில் ஆச்சியின் குடும்பமும் ஒன்று. பின்னால் எத்தனையோ அலைச்சலுக்குப் பிறகு கிடைத்த பிரஜாவுரிமைப் பத்திரத்தையும் அப்பாவின் பிறப்புச் சான்றிதழையும் சேலைக்கு நடுவில் மடித்து வைத்திருந்தார். பெட்டியின் மூடி ஒரு மூலையில் வளைந்திருந்தது, சுண்டெலிக்கு அந்த இடைவெளி போதும். ஒரு நாள் திறந்தபோது சேலையும் கடதாசியும் பஞ்சு மாதிரிக் கிழிந்து, நடுவில் கண் திறக்காத ஆறு குஞ்சு கிடந்தன. கடதாசி இல்லாவிட்டால் மலையகத்தில் ஒரு மனிதர் எவ்வளவு தூரம் அலைய வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் சும்மா விட்டதில்லை.

முதலில் யார் வந்திருக்கிறார் என்று பாருங்கள்

காசு செலவழிக்கும் முன் இரண்டு நாள் பொறுத்து வந்திருப்பது யார் என்று கண்டுபிடிப்பது நல்லது. ஆளைப் பார்க்க வேண்டியதில்லை, புழுக்கை சொல்லிவிடும். அரிசி மணியை விடச் சிறியதாக, கறுத்து, எண்ணிக்கையில் நிறையக் கிடந்தால் சுண்டெலி. ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட நீளம், இரண்டு முனையும் கூராக இருந்தால் கூரை எலி. லயத்தின் மேலே ஓடுவது பெரும்பாலும் இதுதான். இதன் வால் உடம்பை விட நீளம், காது பெரிது, கம்பியிலும் சுவரிலும் கயிற்றிலும் சர்வசாதாரணமாக ஏறும். இன்னும் பெரிதாக, முனை மழுங்கி, மாத்திரை மாதிரி இருந்தால் பழுப்பெலி. அது டவுனின் கழிவுநீர்க் கான்களிலும் கடைகளின் பின்பக்கத்திலும் இருக்கிற கனத்த எலி. வால் உடம்பை விடக் கட்டை, ஏறுவதை விடத் தோண்டுவதிலும் நீந்துவதிலும் கெட்டி.

படுக்கப் போகும் முன் அடுப்படித் தரையில், சுவரோரமாக, கோதுமை மாவை மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று தடமும் வால் இழுத்த கோடும் தெரியும். எங்கள் வீட்டில் தடம் அரிசி டிரம்மைச் சுற்றி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பார்த்தால் நாய்க்கு வைக்கும் தட்டுக்குத்தான் நேராகப் போயிருந்தது. மிச்சச் சோற்றை இரவில் வெளியே வைப்பதை நிறுத்தியதே முதல் வெற்றி.

இப்போது ஒரு வழக்கு. எலி என்று நினைத்து நாம் அடித்துக் கொல்வதில் பாதி மூஞ்சூறு. மூக்கு நீண்டு கூராக இருக்கும், கண் கடுகளவு, வால் கட்டையாகத் தடித்து இருக்கும். சுவரை ஒட்டியே ஓடும், கிச்கிச்சென்று சத்தம் போடும், ஒரு வாடை வரும். அது எலிக் குலமே இல்லை. அது தின்பது கரப்பான், பூச்சி, புழு. அரிசியைத் தேடியோ சேலையைக் கடிக்கவோ அது வருவதில்லை. மூஞ்சூறு அடிக்கடி வருகிறது என்றால் வீட்டில் கரப்பான் நிறைய இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்துவிட்டால் அது பாட்டுக்குப் போய்விடும்.

வாசலிலோ மரக்கறிப் பாத்தியிலோ ஒரு கூடை மண்ணைத் தள்ளிவிட்டு வளை போட்டிருந்தால் அது பெருச்சாளி. உள்ளே வருவது குறைவு, ஆனால் சுவரின் அடியைத் தோண்டிவிடும். பழைய கருங்கல் அத்திவாரத்தின் ஓரத்தில் மண் இளகினால் மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. காட்டை ஒட்டிய தோட்டங்களில், ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம், ஓஹியா, நுவரெலியா மலைகளில், இந்த நாட்டில் மட்டுமே வாழும் எலிகள் உண்டு. நெலு எலி என்று ஒன்று, ஓஹியா எலி என்று ஒன்று. ஓஹியா எலியை 1929இலும் நெலு எலியை 1932இலும் முதலில் விவரித்து எழுதியவர் டபிள்யூ.டபிள்யூ.ஏ. பிலிப்ஸ், அவரே ஒரு தேயிலைத் தோட்டத் துரை. இவை காட்டு எலிகள், நம் அரிசிக்கு இவற்றால் கேடு இல்லை. காட்டோரமாக நஞ்சை அள்ளி வீசினால் முதலில் சாவது இவையாக இருக்கலாம்.

நஞ்சு

எலி என்றதும் நம் ஆட்கள் கேட்பது மருந்துதான். விலை குறைவு, வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம், கொழுந்து எடுத்துவிட்டு வரும்போது செத்துக் கிடக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

கடையில் "எலி மருந்து" என்ற ஒரே பேரில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று உடனடி நஞ்சு. சாம்பல் கறுப்பான தூளாக வரும் சிங்க் பொஸ்பைட் அதற்கு உதாரணம். வயிற்றில் போனதும் விஷ வாயுவாக மாறும், அதை முறிக்கும் தனி மருந்து கிடையாது. எலி கொஞ்சம் தின்று, வயிறு சரியில்லை என்று உணர்ந்தால் அந்தத் தீனியைப் பிறகு தொடவே தொடாது. எலிக்கு வாந்தி எடுக்க முடியாது. அதனால்தான் புதிய தீனியைத் துளி துளியாகச் சுவைத்துப் பார்க்கும் பழக்கம் அதற்கு இருக்கிறது. மருந்து வைத்த முதல் நாள் இரண்டு சாகும், மூன்றாம் நாளிலிருந்து ஒன்றும் சாகாது. "எலிக்கு மருந்து பழகிப் போச்சு" என்று சொல்வோமே, அங்கே நடப்பது இதுதான்.

மற்றது இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. நீலம், பச்சை, சிவப்பு நிறக் கட்டிகளாக வரும். பழைய வார்பரின் பல நாள் தொடர்ந்து தின்றால்தான் வேலை செய்யும். புரோமடியோலோன், புரோடிபக்கூம் போன்றவை ஒரே வேளையிலேயே போதும். எலி அன்றைக்கே சாகாது, மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். தீனிக்கும் சாவுக்கும் தொடர்பு தெரியாததால் மற்ற எலிகளும் வந்து தின்னும். வேலை செய்கிற மருந்து என்று பார்த்தால் இதுதான்.

ஆனால் லயத்தில் இதில் மூன்று சிக்கல். முதலாவது, எலி நாம் சொல்கிற இடத்தில் சாகாது. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில், கைக்கு எட்டாத இடத்தில் போய்ப் படுத்துவிடும். எங்கள் குளிரில் அது சீக்கிரம் காயவும் காயாது. ஒரு வருடம் மார்கழியில் நான்காம் காம்பிராவில் மருந்து வைத்தார்கள், ஆறாம் காம்பிராவில் நாறியது. அந்த வீட்டில் அப்போது பத்து நாள் பிள்ளை. தகரத்தைக் கழற்றித்தான் எடுக்க வேண்டி வந்தது.

இரண்டாவது, மருந்து தின்ற எலி சாகும் வரை மந்தமாக நடமாடும். நாய், பூனை, ஆந்தை, மரநாய், சாரைப்பாம்பு எல்லாம் அதைத்தான் முதலில் பிடிக்கும். நஞ்சு அவற்றின் ஈரலில் தங்கும். நமக்காக இரவு முழுக்க எலி பிடிக்கிற ஆந்தையை நாமே கொன்றுவிட்டு அடுத்த வருடம் எலி கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருப்போம். ஆந்தை கத்தினால் கெட்ட சகுனம் என்று கல்லெறியும் பழக்கத்தையும் இதோடு விட்டால் நல்லது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிது. ஒரு காம்பிராவும் ஒரு அடுப்படியும் உள்ள வீட்டில் நஞ்சை எங்கே ஒளித்து வைப்பது? அந்த நிறக் கட்டி பிள்ளையின் கண்ணுக்கு டொபி. பெரியவர்களுக்கும் சொல்கிறேன்: துக்கமோ கோபமோ தலைக்கேறும் ஒரு நேரத்தில் கைக்கெட்டும் இடத்தில் நஞ்சு இருக்கவே கூடாது. நம் தோட்டங்களில் எத்தனை வீடுகள் அப்படி ஒரு இரவில் ஆளை இழந்திருக்கின்றன. மிச்ச மருந்தை "பிறகு உதவும்" என்று வைத்திருக்கும் வீடு பத்திரமான வீடு இல்லை.

பிள்ளை தவறுதலாகத் தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், மருந்தின் பைக்கற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரத்தம் உறையாத வகைக்கு விட்டமின் கே1 முறிவு மருந்தாக இருக்கிறது, ஆனால் எந்த வகை என்று டொக்டருக்குத் தெரிய வேண்டும். பிள்ளை சும்மா விளையாடிக்கொண்டிருக்கிறதே என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, இந்த மருந்து மெதுவாகத்தான் வேலை காட்டும்.

ஆக, நஞ்சு யாருக்கு? டவுனில் அரிசிக்கடை, களஞ்சியம் வைத்திருப்பவர், பூட்டுப் போட்ட பெட்டிக்குள் மருந்தை வைத்து, வாரம் ஒரு முறை பார்த்து, செத்ததை எடுத்துப் புதைக்க ஆள் வைத்திருந்தால் சரி. லயத்துக்கு என் பதில், வேண்டாம்.

ஒட்டு அட்டை

இதைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. ஒட்டிக்கொண்ட எலி மணிக்கணக்கில், சில நேரம் மறுநாள் வரை உயிரோடு கிடந்து கத்தும், தன் காலையே கடிக்கும். பயத்தில் அது மூத்திரம் விடும், எலிக்காய்ச்சல் பரவுவது அந்த மூத்திரத்தில்தான். உயிரோடு இருப்பதை எடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அட்டையோடு கானில் வீசுகிறோம். பல்லி, குருவி, கோழிக்குஞ்சு எல்லாம் ஒட்டும். இங்கிலாந்தில் 2024 ஜூலை 31இலிருந்து பொதுமக்கள் இதைப் பாவிப்பது சட்டப்படி குற்றம். இங்கே கடையில் தொங்குகிறது என்பதற்காக வாங்க வேண்டியதில்லை.

அடிக்கும் பொறி

மரப்பலகையில் கம்பி வில் வைத்த பழைய பொறி. கொல்வதென்று முடிவெடுத்தால் இதை விட நல்லது எனக்குத் தெரியவில்லை. சரியாக வைத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும், செத்தது கண்முன்னே இருக்கும், நஞ்சு இல்லை, திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். "பொறி வைத்தேன், ஒன்றும் விழவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் ஒன்றே ஒன்றை, அடுப்படியின் நடுவில், முதல் நாளே இழுத்து வைத்தவர்கள்.

எலி புதுப் பொருளைக் கண்டால் நாள் கணக்கில் ஒதுங்கிப் போகும். அதனால் பொறியை மூன்று நான்கு நாள் இழுக்காமலே தீனியோடு வையுங்கள். தின்று பழகட்டும். தீனி காலியாகத் தொடங்கிய பிறகு ஒரே இரவில் எல்லாவற்றையும் இழுத்து வைக்க வேண்டும். சுவரோரம்தான் அதன் பாதை. பொறியைச் சுவருக்குக் குறுக்காக, தீனி இருக்கும் பக்கம் சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். கூரை எலிக்குத் தரையில் வைத்துப் பயனில்லை, பரணிலும் சுவர்த் தலைப்பிலும் ஆணியடித்துக் கட்டி வையுங்கள். சுண்டெலி இதற்கு நேர்மாறு, புதுசு என்றால் அதுவே தேடி வரும், முதல் இரவே விழும்.

தீனிக்கு நெருப்பில் சுட்ட தேங்காய்ச் சொட்டும் நெத்தலிக் கருவாடும் எங்கள் வீட்டில் நன்றாக வேலை செய்தன. வாசம் முக்கியம், அதை விட முக்கியம் நூலால் இறுக்கிக் கட்டுவது. சும்மா குத்தி வைத்தால் மெதுவாக உருவி எடுத்துக்கொண்டு போய்விடும். ஒரு முறை டோர்ச் அடித்து நானே பார்த்தேன், இரண்டு முன்கையாலும் பிடித்து, வில் அசையாமல் அந்தக் கருவாட்டை அது உருவியதை. நூல் கட்டிய மறுநாளே அகப்பட்டது.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு காம்பிராவுக்கு இரண்டு என்று பத்துக் காம்பிராவுக்கு இருபது பொறி, ஒரே வாரத்தில். மாதம் முழுக்க ஒன்று வைப்பதை விட இதுதான் பலன் தரும். எலியின் கர்ப்பம் மூன்று வாரம், ஒரு ஈற்றுக்கு ஆறு ஏழு குஞ்சு, அந்தக் குஞ்சு மூன்று மாதத்துக்குள் தானே குட்டி போடத் தொடங்கும். ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தால் கணக்கு நம் பக்கம் வராது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பொறியை மரப்பெட்டிக்குள், எலி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு வைக்கலாம். அடிபட்டால் பிள்ளையின் விரல் நசுங்கும், ஆனாலும் நஞ்சு மாதிரி உயிரைக் கேட்காது.

கம்பிக் கூண்டு

கூண்டின் நல்ல குணம், மூஞ்சூறு விழுந்தால் திறந்துவிடலாம். எது வருகிறது என்று நிச்சயமில்லாதபோது முதல் வாரத்துக்கு நான் கூண்டைத்தான் சொல்வேன். அதன் கஷ்டம் காலையில் தொடங்கும். உயிரோடு இருக்கும் எலியை என்ன செய்வது? ரோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டால் அன்றைக்கே திரும்பிவிடும். பணிய லயத்தில் விட்டால் அவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம். காட்டில் விடுவதும் நல்லதில்லை, வீட்டு எலி கொண்டுபோகும் நோய் காட்டு எலிக்குத் தொற்றும். தண்ணீரில் முக்கிக் கொல்வது வெகுநேரச் சித்திரவதை. கொல்லத்தான் போகிறோம் என்றால் அடிக்கும் பொறியே எலிக்கும் நமக்கும் நேர்மையான வழி.

பூனையும் சத்தப் பெட்டியும்

பூனை சுண்டெலியையும் குஞ்சு எலியையும் பிடிக்கும், அதன் வாடைக்கே சில எலி ஒளிந்து நடக்கும். வளர்ந்த பெரிய எலியைப் பெரும்பாலும் விட்டுவிடும். நியூயோர்க்கில் ஒரு குப்பைக் களஞ்சியத்தில் 79 நாள் கமரா வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. அத்தனை நாளில் பூனைகள் கொன்றது இரண்டே எலி. வீட்டில் பூனை இருந்தால் சந்தோஷம், எலிக்காக மட்டும் வளர்க்க வேண்டாம்.

பிளக்கில் மாட்டும் சத்தப் பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்த ஒலி சுவரையும் சாமானையும் தாண்டாது, எலியும் சில நாளில் பழகிவிடும். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2001இல் இதைச் செய்பவர்கள், விற்பவர்கள் என 60க்கும் மேற்பட்டோருக்கு ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ய வேண்டாம் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

ஓட்டை அடைப்பது

மேலே சொன்ன எதைச் செய்தாலும் வருகிற வழி திறந்திருந்தால் இடம் காலியாகும், புது எலி வரும். மழைக்காலத்தில் வளையில் தண்ணீர் ஏறும்போதும், பனி விழும் மாதங்களிலும் வெளியே இருப்பதெல்லாம் சூடான அடுப்படியைத் தேடித்தான் வரும். வழியை அடைத்தால்தான் பிடித்ததற்குப் பலன். எலிக்கு அரை அங்குல ஓட்டை போதும். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டையே போதும்.

ஓட்டையைத் தேட வெளியே சுற்ற வேண்டாம். நல்ல வெயில் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு, காம்பிராவின் நடுவில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் வெளிச்சம் வரும் இடமெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியும். நான் அப்படி உட்கார்ந்த அன்று பயந்துபோனேன். சுவரின் தலைப்பு முழுக்க, தகரத்தின் ஒவ்வொரு வளைவுக்குக் கீழும் பிறை மாதிரி ஒரு வெளிச்சம். ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணியதில் முப்பதுக்கு மேல். நெளித் தகரம் நேரான சுவரில் உட்காரும்போது வளைவுக்கு ஒன்றாக வாசல் வைத்துக் கொடுக்கிறோம். அதன் ஓரங்களில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது, எலியின் உடம்பு உரசி உரசி வந்த கறை.

சீமெந்து வைத்து அடைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். அதில் இரண்டு தவறு. தகரம் வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும், வெறும் சீமெந்து ஒரு வருடத்தில் வெடித்து உதிரும். அதை விடப் பெரியது, விறகு அடுப்பின் புகை அந்தப் பிறைகளின் வழியாகத்தான் வெளியே போகிறது. அடைத்தால் புகை அம்மாக்களின் நெஞ்சுக்குள் போகும். அடுப்படிப் பக்கத்துக்குக் கால் அங்குலக் கண் உள்ள தடித்த கம்பி வலைதான் சரி. அகலமாக வெட்டி, வளைவுக்கேற்ப மடித்து, சுவர்த் தலைப்பில் ஆணியும் கொஞ்சம் சீமெந்துமாகப் பிடிக்க வைக்க வேண்டும். கோழிக்கூட்டு வலை உதவாது, கண் பெரிது, கம்பியும் மெல்லிசு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வலையில் படியும் புகைக்கரியைத் தட்டிவிட வேண்டும்.

தண்ணீர்க் குழாயும் கரண்ட் வயரும் நுழையும் ஓட்டைகளில் சட்டி தேய்க்கும் கம்பிச் சுருளை இறுக்கித் திணித்து மேலே சீமெந்து பூசினால் கடித்துத் துளைக்காது. துணி, கடதாசி, ரெஜிபோம் (வெள்ளை நுரை அட்டை) வைத்து அடைப்பது எலிக்கு மெத்தை கொடுப்பது. கதவின் அடியில் ஒரு தகரப் பட்டை. எலியின் முன்பல் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் எதையாவது கடித்தே ஆக வேண்டும். வயரைக் கடித்தால் நெருப்பு வரும், வரிசையாக வீடுகள் இருக்கும் லயத்தில் நெருப்பு ஒரு காம்பிராவோடு நிற்காது.

இதற்குக் காசு வேண்டும். வலை, ஆணி, சீமெந்து, ஏணி எல்லாம் சேர்த்தால் நஞ்சை விடப் பல மடங்கு செலவு. லயத்தில் சிரமதானமாகச் செய்தால் ஒரு வீட்டின் பங்கு தாங்கும். நாங்கள் இரண்டு ஞாயிறு எடுத்தோம். ஐந்தாம் காம்பிரா அக்காதான் முதலில் மறுத்தார், "நீங்க எல்லாம் அடைச்சா எலி எல்லாம் என் வீட்டுக்குத்தானே வரும்" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை, அதனால் அவர் வீட்டு வலைக்கு எல்லோரும் சேர்ந்து காசு போட்டோம். கூரை பொதுவாக இருக்கும்போது எங்கே பிளந்திருந்தாலும் அது எல்லோருடைய ஓட்டையும்தான்.

அடைக்கும் முன் பொறி வாரம் முடிந்திருக்க வேண்டும். உள்ளே எலி இருக்கும்போது வெளிவழியை மூடினால் உள்ளேயே சாகும், இல்லாவிட்டால் சீலையையும் பலகையையும் கடித்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும்.

துப்புரவு செய்யும்போது கவனம்

2008இல் இந்த நாட்டில் எலிக்காய்ச்சல் என்று பதிவானவர்கள் 7,000க்கும் மேல். வயலில் வேலை செய்பவர்களுக்குத்தான் அது அதிகம் என்றாலும், கான் வெட்டுபவருக்கும் வெறுங்காலோடு ஈர மலையில் நிற்பவருக்கும் அதே ஆபத்து. எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரோ சேறோ, காலில் உள்ள கீறலிலோ அட்டைக் கடிப் புண்ணிலோ பட்டால் போதும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை கடுமையாக வலித்தால், கண் சிவந்தால், மூத்திரம் குறைந்தால், பனடோலோடு வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், எலி இருக்கும் இடத்தில் வேலை செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சேற்றில் வேலை செய்பவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கும் மாத்திரையும் உண்டு, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேட்கலாம்.

பரணைச் சுத்தம் செய்யும்போது காய்ந்த புழுக்கையை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், தூசி மூச்சில் போகும். ஒரு பங்கு புளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊற விட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். செத்த எலியைக் கையில் பொலித்தீன் மாட்டி எடுத்து, தண்ணீர் பிடிக்கும் பீலியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி ஆழமாகப் புதையுங்கள்.

யாருக்கு எது

லயத்தில் இருப்பவருக்கு: மாவு தூவிப் பார்ப்பது, சாமான்களை மூடியுள்ள தகர டின்னுக்கு மாற்றுவது, எல்லாக் காம்பிராவிலும் ஒரே வாரத்தில் பொறி, உடனே வலை. நஞ்சும் ஒட்டும் வேண்டாம். புதிதாகக் கட்டிக் கொடுத்த தனி வீட்டில் இருப்பவர்களுக்கு வேலை சுலபம், இரண்டு நாளில் ஓட்டையை அடைத்து நான்கு பொறி வைத்தால் முடியும். ஆனால் வீட்டுச் சுவரோடு விறகை அடுக்காதீர்கள், ஒரு முழம் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி அடுக்குங்கள். கிழங்கும் லீக்ஸும் கரட்டும் செய்பவர்கள் விதைக்கிழங்கைத் தட்டில் உயர்த்தி, தட்டின் கால்களுக்குத் தகரக் கூம்பு மாட்டினால் மருந்துச் செலவே மிச்சம். டவுன் கடைக்காரர் பூட்டிய பெட்டியில் மருந்து வைக்கலாம், ஆனால் பின்பக்கக் கானைச் சுத்தம் செய்யாமல் வைத்தால் வருடம் முழுக்க வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எங்கள் லயத்தில் இப்போது ஒன்பது காம்பிராவுக்கு வலை போட்டாயிற்று. இரவுச் சத்தம் நின்றுவிட்டது, கடைசி மூலையில் மட்டும் இன்னும் கேட்கிறது. பத்தாம் காம்பிரா பூட்டியிருக்கிறது, சாவி கொழும்பில் கடையில் வேலை செய்யும் தம்பியிடம். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் தற்காலிகமாக ஒரு தகரத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு வருகிறேன் என்று போனில் சொன்னான். அவன் வீட்டுக்கான வலையை அளந்து வெட்டி, சுருட்டி, எங்கள் இஸ்தோப்பில் மேலே கட்டி வைத்திருக்கிறேன்.